புள்ளலூர்த் தூணும் வைசிராய் மாளிகையும்

மண்ணில் புதைந்த பாசறைகள் – 17

காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள ஊர் புள்ளலூர். ஊருக்கு வெளியே வயல்வெளியில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அடி சதுரமாக அகன்று, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் கூராக முடியும் தூண்கள். ஒன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனின் நினைவாக எழுப்பியது. மற்றது கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு. இருவரும் விழுந்தது ஒரே நாளில்: 1781 ஆகஸ்ட் 27.

கர்னல் வில்லியம் பெய்லியின் படை இதே மண்ணில் 1780 செப்டம்பர் 10 அன்று அழிந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து கிளம்பி, கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தில் நாட்களை இழந்து, பேரம்பாக்கத்தில் திப்புவிடம் அடிபட்ட படை அது. காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஆங்கிலேயத் தளபதி ஹெக்டர் மன்ரோவிடம் போய்ச் சேர ஒரு ராத்திரி நடைதான் பாக்கி என்ற நிலையில் அகப்பட்டுக்கொண்டது. சுங்குவார்சத்திரத்தில் திரும்பி மப்பேடு, பேரம்பாக்கம் வழியாகப் போகிறவர்கள் இன்றும் அந்தப் படைவழியின் ஓரத்தில்தான் போகிறார்கள். ஒரகடத்துக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் ஓடுகிற இந்தப் பகுதி, இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு படைகள் மாறி மாறி மிதித்த பூமி. புள்ளலூருக்கு அதைவிடப் பழைய போர்க்கதையும் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பகைவரை வென்றதைக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது.

இந்த வாரம் ஹிஸ்லப்பின் தூணை எடுத்துக்கொள்கிறேன். பிரவுனைத் தள்ளி வைத்துவிட்டு இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. ஹிஸ்லப் குடும்பத்தின் பின்னாலேயே போனால் ஜிப்ரால்டர், டிரினிடாட், சென்னைக் கோட்டை, மாளவம் என்று சுற்றிக் கடைசியில் கல்கத்தாவில் வைசிராய் மாளிகை வாசலில் கொண்டுபோய் விடுகிறது. வ.உ. சிதம்பரனார் சிறையில் செக்கிழுத்த காலத்தில் அந்த மாளிகையில் இருந்தவருக்கும் புள்ளலூரில் விழுந்த இந்தக் கேப்டனுக்கும் ரத்த உறவு.

முதலில் அந்த ஒரு நாளைப் பார்த்துவிடலாம்.

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி எய்ர் கூட், ஆகஸ்ட் பிற்பகுதியில் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். ஹைதர் பின்வாங்கிப் போய் நின்ற இடம் புள்ளலூர். முந்தைய ஆண்டு பெய்லியை அழித்த ராசியான மண்ணும் நாளும் பார்த்துத்தான் அவர் அங்கே நின்றார் என்று ஆங்கிலேயர்கள் எழுதி வைத்தார்கள். நாள் நட்சத்திரக் கணக்கு எப்படியிருந்தாலும், தளபதியின் கண்ணோடு பார்த்தால் அது நல்ல தேர்வு. ஏரிக்கரை, ஓடை, தோப்பு, கிராமம் எல்லாம் பீரங்கிகளை மறைத்து வைக்கத் தோதான இடங்கள். கூட்டிடம் இருந்தது ஏறக்குறைய 11,000 பேர். ஹைதரின் படை அதைப்போலப் பல மடங்கு.

ஆங்கிலேயப் படை களத்துக்குள் வந்தபோது, ஓராண்டுக்கு முன் அங்கே மடிந்தவர்களின் எலும்புகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அந்த எலும்புகளுக்கு நடுவேதான் அணிவகுக்க வேண்டியிருந்தது. காலையில் தொடங்கிய பீரங்கிச் சண்டை பொழுது சாயும்வரை நீடித்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஒரு காலை இழந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சென்னை கவர்னர் பிகட்டைக் கைது செய்தவர் இவர்தான். பிரவுன் உயிரையே விட்டார்.

ஜேம்ஸ் ஹிஸ்லப் கூட்டின் மெய்க்காப்புத் துணை அதிகாரி. ஆங்கிலத்தில் ஏ.டி.சி. என்பார்கள். தளபதி வாயால் சொல்லும் கட்டளையை அந்தந்த அணியின் தலைவரிடம் குதிரையில் பாய்ந்துபோய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதுதான் வேலை. அணிகள் மரத்தின் பின்னாலோ கரையின் பின்னாலோ ஒதுங்கலாம். இவர் ஒதுங்க முடியாது. ஒரு அணிக்கும் இன்னொரு அணிக்கும் நடுவிலுள்ள திறந்த வெளிதான் இவருடைய பாதை. பகல் முழுக்க இரு பக்கமும் பீரங்கி பேசிய நாளில் அந்த வேலையில் இருந்தவர் மாலையில் திரும்பி வரவில்லை.

கூட்டின் பக்கம் இறந்தவர்களும் காயம்பட்டவர்களுமாக நானூற்றுச் சொச்சம் பேர். ஹைதர் பின்வாங்கினார். ஆனால் கூட்டாலும் முன்னேற முடியவில்லை. படைக்கு அரிசி இல்லை. வென்றதாகச் சொல்லிக்கொண்ட படை சோற்றுக்காகத் திருப்பாச்சூருக்கே திரும்பியது.

அன்று கூட்டின் படையில் இருபது வயது இளைஞர் ஒருவரும் இருந்தார். பெயர் தாமஸ் மன்ரோ. பின்னாளில் சென்னையின் கவர்னராகி, தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரையில் சிலையாக உட்கார்ந்திருப்பவர். இந்தக் கதையின் நடுவில் அவர் மறுபடியும் வருவார்.

ஹிஸ்லப் வீட்டில் தகப்பன் வில்லியம் ஹிஸ்லப் அரசப் பீரங்கிப் படையில் லெப்டினன்ட் கர்னல். பிள்ளைகளும் படைக்குத்தான் போனார்கள். கடைக்குட்டி தாமஸ் 1764 ஜூலை 5-இல் பிறந்தவர். 1778-இல் வுல்விச் ராணுவப் பள்ளி, அதே ஆண்டில் 39-ஆம் காலாட்படையில் என்சைன் பதவி. அண்ணன் புள்ளலூரில் விழுந்தபோது தம்பிக்கு வயது பதினேழு. அன்று அவர் இருந்தது ஜிப்ரால்டர் கோட்டைக்குள். ஸ்பெயினும் பிரான்சும் சேர்ந்து போட்ட முற்றுகை 1779 முதல் 1783 வரை நீடித்தது. இங்கே ஹைதருக்குத் துணை நின்றதும் அதே பிரான்ஸ். தொண்டை மண்டலத்து வயல்வெளியில் நடந்த சண்டை, உலகம் முழுக்க நடந்த ஒரே சண்டையின் ஒரு முனை என்பதை இந்த அண்ணன் தம்பியை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கிவிடுகிறது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தாமஸ் சேர்ந்த 39-ஆம் படைதான் 1754-இல் முதன்முதலில் சென்னையில் வந்திறங்கிய பிரிட்டிஷ் அரசரின் படைப்பிரிவு. அதோடு சேர்ந்து வந்த அதிகாரிகளில் ஒருவர் எய்ர் கூட். அண்ணன் யாருக்குக் கட்டளை சுமந்து செத்தாரோ, அவர் இந்தியாவுக்கு வந்த படையிலேயே தம்பி உத்தியோகத்தைத் தொடங்கியிருக்கிறார்.

நடுவில் இருக்கும் ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1793-இல் தூலோன், அடுத்து கோர்சிகா. 1796-இல் தென் அமெரிக்கக் கரையில் டச்சுக்காரர்களிடமிருந்து டெமெராராவைப் பிடித்த படை. அது பின்னாளில் நம் கூலித் தமிழர்களும் கப்பலில் போய் இறங்கிய கயானா. 1803-இலிருந்து 1811 வரை டிரினிடாட் தீவின் துணை கவர்னர். 1805 கடைசியில் அங்கே அடிமைகள் சதி செய்கிறார்கள் என்று சந்தேகம் கிளம்பியபோது, ஹிஸ்லப்பின் ஆட்சி பலரைப் பிடித்துத் தண்டித்தது. சிலரைத் தூக்கிலும் போட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தாப்தி ஆற்றங்கரையில் அவர் செய்ததைப் புரிந்துகொள்ள இது உதவும்.

1812-இல் பம்பாய்ப் படையின் தளபதியாக நியமனம் பெற்று ‘ஜாவா’ என்ற போர்க்கப்பலில் ஏறினார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்துப் புதுப் பெயர் வைத்த கப்பல் அது. டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கக் கப்பல் அதை மறித்தது. சில மணி நேரச் சண்டையில் ஜாவாவின் பாய்மரங்கள் எல்லாம் முறிந்து விழுந்தன. கேப்டன் லாம்பர்ட் குண்டடிபட்டுச் சில நாளில் இறந்தார். பம்பாய்க்குப் போக வேண்டிய தளபதி அமெரிக்கக் கேப்டன் பெயின்பிரிட்ஜின் கைதியானார். கைதியை அவர் மரியாதையாக நடத்தினார். இனிப் போரில் சேருவதில்லை என்று வாக்குறுதி வாங்கிக்கொண்டு பிரேசில் கரையில் விட்டுவிட்டார். பம்பாய்ப் பதவி கைநழுவியது. இங்கிலாந்து திரும்பியவருக்கு 1813-இல் பாரனெட் பட்டம் கொடுத்தார்கள். 1814-இல் அதைவிடப் பெரிய நியமனமும் வந்தது: சென்னைப் படையின் தலைமைத் தளபதி.

இப்படித்தான் அண்ணன் இறந்து முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, புள்ளலூர் எந்த மாகாணத்தில் இருக்கிறதோ அந்த மாகாணத்தின் படை முழுவதும் தம்பி கைக்கு வந்தது. அதே 1814-இல் கவர்னராக வந்து இறங்கியவர் ஹ்யூ எலியட். எலியட்டின் அண்ணன்தான் 1807 முதல் 1813 வரை கவர்னர் ஜெனரலாக இருந்து, சென்னைச் சிப்பாய்களையும் கப்பலேற்றிக்கொண்டு ஜாவா தீவைப் பிடித்த முதலாம் மிண்டோ பிரபு.

1817-இல் பிண்டாரிகள் என்ற கொள்ளைக் கூட்டங்களை ஒடுக்கவென்று தொடங்கிய படையெடுப்பு மராட்டியப் போராக விரிந்தது. தக்காணப் படைக்குத் தலைமை ஹிஸ்லப். 1817 டிசம்பர் 21 அன்று உஜ்ஜயினிக்கு வடக்கே, சிப்ரா ஆற்றங்கரையில் மகித்பூரில் ஹோல்கரின் படையைச் சந்தித்தார். ஹோல்கர் மன்னன் மல்ஹார் ராவ் அப்போது சிறுவன். அவன் பெயரில் ஆண்ட துளசிபாயை அவருடைய சொந்தப் படைத்தலைவர்களே முந்தின இரவு ஆற்றங்கரையில் வெட்டிக் கொன்றிருந்தார்கள்.

ஹோல்கரின் பீரங்கிகள் எதிர்க்கரையில் வரிசையாக நின்றன. சுற்றிக்கொண்டு போகும் வழியை ஹிஸ்லப் தேடவில்லை. ஒரே துறையில் ஆற்றைக் கடந்து பீரங்கிக்கு நேராக ஏறிப் போகச் சொன்னார். ஏறிப்போனவர்களில் பாளையங்கோட்டைக் காலாட்படையும் திருச்சிராப்பள்ளிக் காலாட்படையும் உண்டு. பெயரிலேயே ஊரைச் சுமந்த படைகள். மார்கழிக் குளிரில், பாஷை புரியாத மாளவத்தில், முழங்கால் தண்ணீரிலிருந்து மேடேறி அவர்கள் பீரங்கிகளைப் பிடித்தார்கள். இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் ஏறக்குறைய 800 பேர். வெற்றி முழு வெற்றிதான். 1818 ஜனவரி 6-இல் ஹோல்கர் தரப்பு மந்தசோரில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆனால் இத்தனை உயிர் போக வேண்டியிருந்ததா என்ற கேள்வி அன்றே எழுந்தது. போகத் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. வேறு துறைகள் இருந்தன. அவற்றைத் தேட ஒரு நாள் பொறுத்திருக்கலாம்.

அடுத்து நடந்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஒப்பந்தப்படி ஒப்படைக்க வேண்டிய கோட்டைகளில் ஒன்று தாப்தி ஆற்றங்கரையிலுள்ள தால்நேர். 1818 பிப்ரவரி 27 அன்று ஹிஸ்லப் அதன் முன் வந்து நின்றார். பீரங்கி முழங்கியதும் கோட்டைத் தலைவரான கில்லேதார் வெளியே வந்து சரணடைந்தார். உள்வாசலில் காவல் வீரர்களோடு பேசப் போன இடத்தில், ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியாத குழப்பத்தில் கைகலப்பு மூண்டு மேஜர் கார்டனும் கேப்டன் மக்கிரிகரும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழியாகக் கோட்டைக்குள் இருந்த சுமார் முந்நூறு பேரை வெட்டித் தீர்த்தார்கள். உள்ளே நடந்ததில் கையே வைக்காமல் ஹிஸ்லப்பின் பிடியில் இருந்த கில்லேதாரை அன்றைக்கே தூக்கில் போட்டார்கள். 1819-இல் லண்டன் நாடாளுமன்றம் மகித்பூருக்காகப் படைக்கு நன்றி சொன்னபோது, தால்நேர்ச் செயலுக்கு அந்த நன்றி பொருந்தாது என்று பிரித்தே சொன்னது. விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை. மாறாக, அந்தப் போரில் கிடைத்த கொள்ளைப் பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸின் தரப்புக்கும் ஹிஸ்லப்பின் தரப்புக்கும் நடந்த வழக்குத்தான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

1820-இல் ஹ்யூ எலியட்டின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த கவர்னராக வந்தவர் தாமஸ் மன்ரோ. புள்ளலூர்க் களத்தில் இருபது வயதில் நின்ற அதே மன்ரோ. அந்த ஆண்டோடு ஹிஸ்லப்பின் சென்னைக் காலமும் முடிந்தது. 1823 அக்டோபரில், ஐம்பத்தொன்பதாவது வயதில், அவர் எலியட்டின் மகள் எம்மாவை மணந்தார். கோட்டையில் ஆட்சிக்குழு மேசையில் ஒன்றாக உட்கார்ந்த கவர்னரும் தளபதியும் மாமனாரும் மருமகனும் ஆனார்கள்.

எம்மாவின் கூடப்பிறந்தவர்களைப் பார்த்தால் இந்தக் குடும்பம் எவ்வளவு தூரம் கிளைவிட்டது என்பது தெரியும். ஒரு சகோதரர் எட்வர்ட் எலியட், சென்னையின் தலைமை மாஜிஸ்திரேட். பெசன்ட் நகரில் நாம் மாலை நேரத்தில் காற்று வாங்கப் போகும் எலியட்ஸ் கடற்கரைக்கு அவருடைய பெயர்தான். இன்னொரு சகோதரர் சார்லஸ் எலியட், முதல் அபினிப் போரில் ஹாங்காங் தீவைப் பிரிட்டனுக்கு வாங்கித் தந்தவர். அதே போரில், 1841 மே மாதம் கான்டன் நகருக்கு வெளியே கொட்டும் மழையில் துப்பாக்கி மருந்து நனைந்து, சீன ஊர்மக்கள் சூழ்ந்துகொள்ள, வழிதவறி நின்றது ஒரு கம்பெனிச் சிப்பாய் அணி. அவர்களும் சென்னைப் படைதான், 37-ஆம் பிரிவு.

ஹிஸ்லப்புக்கும் எம்மாவுக்கும் பிறந்த மகள் எம்மா எலினார் எலிசபெத். வீட்டில் அழைத்த பெயர் நைனா. 1843 மே 3-இல் ஹிஸ்லப் கென்ட்டில் சார்ல்டனில் இறந்தார். ஆண் வாரிசு இல்லாததால் பாரனெட் பட்டம் அவரோடு போயிற்று. மறு ஆண்டு நைனா, தாய்வழி உறவிலேயே, பின்னாளில் மூன்றாம் மிண்டோ பிரபுவாகப் போகிறவரை மணந்தார். இந்தக் குடும்பத்தில் எழுதத் தெரிந்தவர் இவர்தான். பெட்டி பெட்டியாகக் கிடந்த கடிதங்களைப் படித்து, தாத்தா ஹ்யூ எலியட்டின் வாழ்க்கையை 1868-இல் நூலாக்கினார். முதலாம் மிண்டோவின் கடிதங்களையும் வாழ்க்கையையும் 1874-இல் மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இந்தியாவில் மிண்டோ இருந்த ஆண்டுகளைப் பற்றி 1880-இல் இன்னொன்று. கவர்னர்களும் தளபதிகளும் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பத்திரமாக இருந்தன. அவற்றைப் படிக்க ஒரு பேத்தி இருந்தாள். அச்சிட லண்டனில் பதிப்பகமும் இருந்தது. ஒரு குடும்பம் வரலாற்றில் நிலைக்க இவ்வளவும் வேண்டியிருக்கிறது.

சிப்பாய் வீட்டிலும் தலைமுறைகள் தொடர்ந்து படையில் இருந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சென்னைப் படையில் குடும்பங்கள் பட்டாளத்தோடு கூடவே போயின. ஊர் மாறினால் மனைவி, மக்கள், தாய் தகப்பன் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சிப்பாய் இறந்தால் அவன் பையனை அரைச் சம்பளத்தில் சிறுவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வளர்ந்ததும் அவனும் துப்பாக்கி தூக்கினான். தகப்பன் புள்ளலூரில், மகன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பேரன் மகித்பூரில் என்று மூன்று தலைமுறை நின்ற வீடுகள் பாளையங்கோட்டையிலும் திருச்சியிலும் ஆற்காட்டிலும் இருந்திருக்க வேண்டும். ஹிஸ்லப் வீட்டுக்கு எந்த விதத்திலும் குறையாத படைக்குடும்பங்கள். பட்டாளப் பதிவேட்டில் பெயர், வயது, உயரம், சாதி, ஊர் என்று ஒரு வரி. அத்தோடு சரி. பெய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1816-இல் நினைவு மண்டபம் கட்ட லக்னோவில் ரெசிடென்டாக இருந்த அவருடைய உறவினர் ஜான் பெய்லி இருந்தார். பிரவுனுக்கும் ஹிஸ்லப்புக்கும் புள்ளலூரில் தூண் இருக்கிறது. புள்ளலூரின் இரண்டு போர்களிலும் விழுந்த ஆயிரக்கணக்கான சிப்பாய்களில் ஒருவர் பெயர்கூட அந்த வயல்வெளியில் கிடையாது. ஹைதர் பக்கம் விழுந்தவர்களுக்கும் அப்படியே. எனக்கு இது ஆறாத குறை. படைப் பதிவேடுகளிலிருந்து அந்தப் பெயர்களைத் தேடி எடுக்கும் வேலையை நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இனியாவது கையில் எடுக்க வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் தூணருகே கூட்டிப்போகும் ஆசிரியர்கள் கல்லில் இருக்கும் இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

நைனாவின் மூத்த மகன் கில்பர்ட் 1845-இல் பிறந்தார். அவரும் படைக்குத்தான் போனார். 1879-இல் ஆப்கன் போர், 1882-இல் எகிப்து. பிறகு கனடாவின் கவர்னர் ஜெனரல். 1905 நவம்பரில் கர்சனுக்குப் பின் இந்தியாவின் வைசிராய். பாட்டனார் தளபதி ஹிஸ்லப், கொள்ளுத் தாத்தாக்கள் கவர்னர் ஜெனரல் மிண்டோவும் சென்னை கவர்னர் எலியட்டும். இப்படி மூன்று பக்கமும் இந்தியாவை ஆண்ட வம்சத்தில் வந்த நாலாம் மிண்டோ பிரபு. புள்ளலூரில் விழுந்த ஜேம்ஸ் ஹிஸ்லப்புக்கு இவர் தம்பி மகளின் மகன்.

மிண்டோ–மார்லி சீர்திருத்தம் என்று நாம் பள்ளியில் படித்தது இவர் பெயரால்தான். சட்டசபைகளைக் கொஞ்சம் விரித்து, முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி தந்த 1909-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாட்டுக்கு அவர் காலம் வேறு விதமாகவும் நினைவில் இருக்கிறது. வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908 மார்ச்சில் கைதானார். ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டு பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். 1910-இல் பத்திரிகைச் சட்டம் வந்து அச்சகங்களின் கழுத்தை நெரித்தது. தன் ஆட்சி காட்டிய கடுமையை அரசின் கடமையாகவே மிண்டோ கண்டார். டிரினிடாட்டிலும் தால்நேரிலும் பாட்டனார் கண்டதும் அதைத்தான்.

1910 நவம்பரில் மிண்டோ பொறுப்பை ஒப்படைத்தது சார்லஸ் ஹார்டிங்கிடம். அவருடைய தாத்தா ஹென்றி ஹார்டிங்கும் படையதிகாரி, 1815-இல் லினி போரில் இடது கையை இழந்தவர், 1844 முதல் 1848 வரை இங்கே கவர்னர் ஜெனரல்.

அடுத்த வாரம் 1781-க்கே திரும்புகிறோம். அரிசிக்காகத் திருப்பாச்சூர் போன கூட்டின் படை, ஒரே மாதத்தில் சோளிங்கரில் ஹைதரை மறுபடியும் சந்திக்கிறது.

(தொடரும்)